முன்னே சென்ற விமானத்தின் சுழல்

கேள்வி: தெளிந்த வானத்தில் கீழிறங்கும் விமானம் திடீரென ஒரு பக்கம் சாய்வது ஏன்? அப்போது விமானிகள் வேறு பேச்சுப் பேசலாமா?

பதில்: இறக்கையின் கீழ்ப்புறம் அழுத்தம் மிகுந்தும் மேற்புறம் குறைந்தும் இருப்பதால், காற்று இறக்கை நுனிகளைச் சுற்றி மேலேறி, விமானத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இரு சுழல்களாக நீண்டு, மெல்லத் தாழ்கிறது. கனமான விமானம் மெதுவாகப் பறக்கையில் இச்சுழல் மிக வலுவாக இருக்கும்; பின்னால் வரும் விமானம் அதில் சிக்கினால் திடீரென ஒரு பக்கம் சாயும். தரையிறங்கும் வரிசையில் எடைக்கேற்ப இடைவெளி விடுவது இதனால்தான்.

1994 செப்டம்பர் 8 அன்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கை நெருங்கிய யுஎஸ்ஏர் 427 என்னும் போயிங் 737 விமானம், முன்னே சென்ற போயிங் 727இன் சுழலைச் சந்தித்து, அரை நிமிடத்திற்குள் தரையில் மோதியதில் 132 பேரும் இறந்தனர். சுழல் மட்டுமே அதை வீழ்த்தவில்லை. விமானி காலால் மிதித்ததற்கு எதிர்த்திசையில் சுக்கான் (விமானத்தை இடவலமாகத் திருப்பும் வால் தகடு) திரும்பியதே பெரும்பாலும் காரணம் என்று, நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட விசாரணை கூறியது. விமானிகளைக் குறைகூற அவசரப்படக்கூடாது என்பதற்காகவே இதை விரித்துரைக்கிறேன்.

ஆனால் 1974 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரருகே விழுந்த ஈஸ்டர்ன் 212 விமானத்தின் கதை வேறு. அதன் விமானிகள் அரசியல், பழைய கார்கள் எனப் பேசியபடி, மூடுபனியில் உயரத்தைக் கவனிக்கத் தவறினர். அதுபோன்ற விபத்துகளுக்குப் பின், 10,000 அடிக்குக் கீழே பறப்புக்குத் தேவையற்ற பேச்சையும் வேலையையும் தடைசெய்யும் விதி 1981இல் அமெரிக்காவில் வந்தது. நிதானிக்கச் சில விநாடிகளே கிடைக்கும் உயரம் அது.