39 ஷில்லிங்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கிறேன். குற்றவியல் பாடத்தில் பெக்காரியா, பெந்தாம் என்ற இரண்டு பழைய ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் வந்தார்கள். மனிதன் லாபநட்டம் பார்த்துத்தான் குற்றம் செய்கிறான் என்கிறார்கள். உண்மைதானா? அப்படியென்றால் தண்டனையை ஏற்றிக்கொண்டே போனால் குற்றம் நின்றுவிட வேண்டுமே? சென்ற மாதம் என் அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களை நடுத்தெருவில் தூக்கில் போட்டால்தான் மற்றவனுக்குப் பயம் வரும் என்று தோன்றுகிறது. இந்த இருவரில் யார் பெரிய சிந்தனையாளர்?

ப.

அன்புள்ள ப.,

அம்மா எப்படி இருக்கிறார்கள்? கழுத்துக் கீறல் ஆறிவிடும். பின்னால் பைக் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுவது அவ்வளவு சீக்கிரம் போகாது. கொஞ்ச நாள் கடைக்குக் கூடவே போங்கள்.

யார் பெரியவர் என்பது பரீட்சைக் கேள்வி. விடுங்கள். தூக்கு பற்றிய வரிதான் எனக்குக் கோபமூட்டியது. நீங்கள் படித்தது பெக்காரியாவை அல்ல, கைடை. பெக்காரியா எழுதியது, இத்தாலியின் மிலானைச் சேர்ந்த 26 வயது இளைஞராக 1764-ல் தன் பெயரைக்கூடப் போடாமல் வெளியிட்ட சின்னப் புத்தகம். குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமை அல்ல, அது தப்பாமல் வந்து சேரும் என்ற நிச்சயம்தான் என்று அதில் வாதாடுகிறார். சீக்கிரம் வரவேண்டும் என்பதும் அவருக்கு முக்கியம். ஒரே இரவில் படித்துவிடலாம். படியுங்கள்.

நீங்கள் கேட்கும் நாடு ஏற்கெனவே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து. மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 160 என்று 1760-களில் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் எண்ணிச் சொன்னார். அதற்குப் பிறகும் கூடிக்கொண்டே போயின. தூக்கிலிடுவதும் ஊர் பார்க்கத்தான்.

என்ன நடந்தது தெரியுமா? ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. ஷில்லிங் அந்தக் கால ஆங்கிலேயக் காசு, இருபது சேர்ந்தால் ஒரு பவுண்டு. குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஜூரியாக உட்கார்ந்தவர்கள் சாதாரணக் கடைக்காரர்கள், கைத்தொழில்காரர்கள். எதிரே நிற்பவள் ஒரு வேலைக்காரப் பெண். எடுத்தது அவள்தான் என்று அவர்களுக்குத் தெரியும். பொருள் 40-க்கு எவ்வளவோ மேலே போகும் என்பதும் தெரியும். இருந்தும், ‘குற்றவாளிதான், ஆனால் திருடியது 39 ஷில்லிங்’ என்று தீர்ப்பு எழுதினார்கள். வரம்புக்கு ஒரு ஷில்லிங் குறைத்துச் சொல்லி ஓர் உயிரைக் காப்பாற்றினார்கள். 1827-ல் வரம்பை 5 பவுண்டாக உயர்த்தியதும் ஜூரிகளின் மதிப்பீடும் 4 பவுண்டு 19 ஷில்லிங்குக்கு ஏறியது!

அப்புறம் வங்கிக்காரர்கள். கள்ளக் கையெழுத்துக்கும் தூக்குதான். அதில் பணத்தை இழப்பவர்களே அவர்கள்தான். அவர்களே 1830-ல் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள், இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை வேண்டாம் என்று. கருணை மட்டும் காரணமில்லை. புகார் கொடுக்கவும் சாட்சி சொல்லவும் ஆள் வரவில்லை. தண்டனை பெரிதாகப் பெரிதாகக் கள்ளக் கையெழுத்துப் போட்டவன் தப்பித்துக்கொண்டே இருந்தான். பறிகொடுத்தவனே கேட்கிறான், தண்டனையைக் குறையுங்கள், அப்போதுதான் எனக்கு நியாயம் கிடைக்கும் என்று. இதை உங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. ஏழாம் வகுப்பில் என் ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. அப்பா கடன் வாங்கி வாங்கிக் கொடுத்தது. எங்கள் தலைமையாசிரியர் திருடிய பையனைத் தூணில் கட்டி வைத்துப் புளியம்விளாரால் அடிப்பார். அதற்கு முந்தைய மாதம் ஒரு பையன் அடி தாங்காமல் கால்சட்டையிலேயே சிறுநீர் கழித்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். பாக்ஸை எடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். என் பெஞ்சுக்காரன். தலைமையாசிரியர் கேட்டபோது, ‘வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது சார்’ என்றேன். வீட்டில் அப்பாவிடம் அடி வாங்கியது நான். அந்த வருடம் முழுக்க வகுப்பில் பேனாக்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன வாரம் அவன் மகள் கல்யாணத்துக்குப் போய் வந்ததிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

மனிதன் கணக்குப் பார்த்துத்தான் குற்றம் செய்கிறானா என்று கேட்டிருந்தீர்கள். சிலர் பார்க்கிறார்கள். பார்ப்பவனும் முதலில் பார்ப்பது ‘மாட்டுவேனா’ என்பதைத்தான்.

சரி, ஒன்று கேட்கிறேன். தூக்கு வரைக்கும் எழுதிய நீங்கள், போலீசில் புகார் கொடுத்ததாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே? கொடுக்கவில்லை என்றால் நாளைக் காலையிலேயே அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் பணமில்லாமல் தரவேண்டும், அது உங்களுக்கே தெரிந்திருக்கும். வாங்காமல் வராதீர்கள்.