பாட்டுப் பெட்டி – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கேர்ள்ஸ்கூல்ங்கற பிரிட்டிஷ் பொண்ணுங்க ராக் பேண்டோட 'டெமோலிஷன்' ஆல்பத்த இப்பத்தான் மொத தடவையா கேட்டேன். பெரிய கிடார் வித்தைன்னு எதுவும் இல்ல, ஆனா பாதில நிறுத்த மனசே வரல. எங்க அண்ணன், 'பொண்ணுங்க வாசிக்கிறாங்கன்னுதான் ஒனக்குப் பிடிக்குது, இதையே ஆம்பளைங்க வாசிச்சிருந்தா கண்டுக்கவே மாட்ட'ங்கறான். நெஜமாவே அதான் காரணமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அண்ணனுக்கு அந்த ஆல்பத்துல ரெண்டாவது பாட்டோட பேர மட்டும் சொல்லுங்க, 'நாட் ஃபார் சேல்'. பொண்ணுங்கங்கறத வச்சு வித்திருந்தா 1980ல அதுக்கு வேற மாதிரி ஆல்பம் போட்டிருப்பாங்க, இது அது இல்ல.

கிம் மெக்காலிஃப், இனிட் வில்லியம்ஸ் ரெண்டு பேரும் தெற்கு லண்டன்ல வான்ட்ஸ்வொர்த் ஏரியா பொண்ணுங்க, 1975லயே 'பெயின்டட் லேடி'ன்னு பேர் வச்சு பப்புல பப்புலயா வாசிச்சவங்க, கைச்செலவுக்கு ஒருத்தங்க பேங்க்ல வேல இன்னொருத்தங்க பேக்கரில வேல. 1978ல லீட் கிடாருக்கு கெல்லி ஜான்சனும் டிரம்ஸுக்கு டெனிஸ் டுஃபோர்ட்டும் வந்தப்புறம்தான் கேர்ள்ஸ்கூல்னு பேர் மாறுது. 1979ல மோட்டார்ஹெட்ங்கற அதிரடி ராக் பேண்டோட 'ஓவர்கில்' டூர்ல முன்னாடி வாசிக்க ஏறுனாங்க. மோட்டார்ஹெட் ரசிகர்கள் முன்னாடி, அதுவும் மெயின் பேண்டுக்காகக் காத்துக்கிட்டு இருக்கறவங்க முன்னாடி நிக்கறதுன்னா சும்மாவா, அங்க இழுவையா ஒரு பாட்டு வாசிச்சா கத எப்படி முடியும்னு யோசிச்சுக்கோங்க. ஆல்பத்துல 10 பாட்டு, மொத்தம் 40 நிமிஷம்கூட ஓடாது. எல்லாமே சட்டுனு ஆரம்பிச்சு சட்டுனு முடியுதுல்ல, அந்தப் பழக்கம் மேடைலேர்ந்து வந்ததுதான்னு நான் நெனைக்கிறேன்.

அப்புறம் புரொடியூசர் விக் மெயில். இவர்தான் டாக்டர் ஃபீல்குட்ங்கற பேண்டோட, 1975ல வெளிவந்த மொத ஆல்பத்த, எல்லாரும் ஸ்டீரியோல போய்க்கிட்டு இருந்த காலத்துல, மோனோல, அதாவது எல்லா சத்தமும் ஒரே சேனல்ல வர்ற மாதிரி ரெக்கார்ட் பண்ண ஆளு. அப்படிப்பட்டவர் கைல 'டெமோலிஷன்' எப்படி இருக்கும், நாலு பேர் ஒரே ரூம்ல நின்னு வாசிக்கிற மாதிரியே இருக்கு. ஹெட்போன் போட்டு இனிட்டோட பேஸ் கிடார மட்டும் பின்தொடர்ந்து பாருங்க, கிடாருக்குப் பின்னால பதுங்காம கூடவே தோள் இடிச்சுக்கிட்டு வரும். கெல்லியோட சோலோவும் அப்படித்தான், நான் எவ்ளோ வேகமா வாசிக்கிறேன் பாருன்னு காட்டறது கிடையாது, பாட்டுக்கு வேணுங்கறத வாசிச்சுட்டு நகர்ந்துடறாங்க. நீங்க வித்தை இல்லன்னு சொன்னீங்களே, அந்த அளவு தெரிஞ்சு வாசிக்கிறதே பெரிய வித்தைங்க.

'எமர்ஜென்சி' பாட்டுல 999ன்னு கத்தறாங்கல்ல, அது நம்ம 108 மாதிரி அந்த ஊரு அவசர நம்பர். ஒரு தடவ கேட்டா போதும், குளிக்கும்போதுகூட வாய்ல வந்துடும். ஆனா ஒண்ணு, கடைசிப் பக்கம் ரெண்டு மூணு பாட்டு ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, அங்க கொஞ்சம் தொய்வுதான்.

கேள்வி: மோட்டார்ஹெட் கைதூக்கி விடலன்னா இவங்கள யாருக்குத் தெரியும்?
– வாசகர், மதுரை

பதில்: மோட்டார்ஹெட் பாடகர் லெம்மி ஆதரவா இருந்தது நெஜம், அத அந்தப் பொண்ணுங்களே மறைச்சதில்ல. ஆனா கைதூக்கி விட்டா மேடை வரைக்கும்தான் ஏறலாம், அப்புறம் வாசிக்கணும்ல சார். 'டெமோலிஷன்' பிரிட்டன் சார்ட்ல 28வது இடம் வந்துது. 1981ல ரெண்டு பேண்டும் சேர்ந்து போட்ட 'செயின்ட் வாலன்டைன்ஸ் டே மாசக்கர்' ஈ.பி., அதாவது சில பாட்டு மட்டும் இருக்கற சின்ன ரெக்கார்டு, 5வது இடம். அதுல டிரம்ஸ் யாரு தெரியுமா, டெனிஸ்தான், மோட்டார்ஹெட் டிரம்மர் ஃபில் டெய்லருக்கு அப்ப கழுத்துல அடி. அதே ரெக்கார்டுல மோட்டார்ஹெட் 'எமர்ஜென்சி'ய வாசிச்சுது, இவங்க மோட்டார்ஹெட்டோட 'பாம்பர்' பாட்ட வாசிச்சாங்க. இப்ப யார் யாரக் கைதூக்கி விட்டாங்கன்னு கணக்கு போட்டுக்கோங்க.

கேள்வி: பொண்ணுங்க ராக் பேண்டுன்னா ரன்அவேஸ்தானே முதல்ல?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லங்க. ரன்அவேஸோட மொத ஆல்பம் 1976. அதுக்கு முன்னாடி 1970லயே அமெரிக்கால 'ஃபேன்னி'ங்கற பொண்ணுங்க பேண்டு பெரிய கம்பெனியான ரெப்ரைஸ்ல ஆல்பம் போட்டாச்சு, அதுல மில்லிங்டன் அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் பிலிப்பைன்ஸ்ல பொறந்தவங்க.

கேள்வி: 'டெமோலிஷன்' முடிச்சுட்டேன், அடுத்து என்ன கேக்கலாம்?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: 1981ல வந்த 'ஹிட் அண்ட் ரன்'. அதே நாலு பேர், அதே விக் மெயில், பாட்டு இன்னும் கச்சிதம், அதுவும் 5வது இடம் வரைக்கும் போச்சு. கெல்லி 2007ல கேன்சர்ல போயிட்டாங்க. அவங்க கிடார முழுசா கேக்கணும்னா இந்த ரெண்டு ஆல்பத்தையும் சவுண்ட் கூட்டி வச்சுக் கேளுங்க, பக்கத்து வீட்டுல திட்டினா நான் பொறுப்பில்ல.