அரிசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

மலையேற்றம்: வாசகர் கேள்வி–பதில்

கோவையில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, பத்தொன்பது ஆண்டுகளாக இமயத்தில் நடந்துவருபவர் பதில் அளிக்கிறார். இந்த இதழில் அடுப்பும் பாத்திரமும்.

கேள்வி: அம்மா, வணக்கம். நண்பர்கள் மூவர் செப்டம்பரில் இமாசலத்தின் ஹம்ப்டா கணவாய்க்குப் போகிறோம். வழிகாட்டி மட்டும் வருகிறார், அவர் சாப்பாட்டை அவரே பார்த்துக்கொள்வார். எங்கள் சமையல் எங்களுடையது. நான்கு நாள். நீளமான கேஸ் குப்பி போட்டு எரிக்கும் சிறிய அடுப்பு வீட்டில் இருக்கிறது, அதையே தூக்கிக்கொண்டு போகலாம் என்கிறான் ஒருவன். 25 கிராம் எடையுள்ள டைட்டானியம் அடுப்பு வாங்கச் சொல்கிறான் இன்னொருவன். அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி எல்லாம் கட்டியாகிவிட்டது. எந்த அடுப்பு நல்லது?
— 27 வயது வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, அடுப்பை அப்புறம் பார்ப்போம். முதலில் கட்டிய மூட்டையைப் பிரித்து அந்த அரிசியையும் பருப்பையும் வெளியே எடுங்கள்.

ஹம்ப்டா கணவாய் ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரம். அதற்கு முந்தைய இரவு நீங்கள் தங்கும் பாலு கா கேரா 3,600 மீட்டரை ஒட்டியது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். அங்கே 88 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். என் முதல் இமயப் பயணத்தில் ஏறத்தாழ அதே உயரத்தில் பச்சரிசி வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வெளியே குழைந்து, நடுவில் கடுக்கென்று இருந்தது. துவரம்பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எரிவாயு தீர்ந்தாலும் அது மசியாது. குக்கர் இருந்தால் வேகும். ஆனால் மூன்று லிட்டர் குக்கரை முதுகில் சுமக்க நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

அவல் கொண்டுபோங்கள். கெட்டி அவலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, அம்மாவிடம் கேட்டு வாங்கிய புளிக்காய்ச்சலைக் கலந்தால் அந்தக் குளிரில் அதைவிட ருசியான சாப்பாடு கிடையாது. வறுத்த ரவையில் தாளிப்பை முன்னதாகவே சேர்த்து வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. வறுத்த சேமியா, சத்துமாவு, நூடுல்ஸ் எதுவும் சரி. இப்படி மாற்றிக்கொண்டால் உங்கள் அடுப்புக்கு ஒரே ஒரு வேலைதான்: தண்ணீரைக் கொதிக்கவைப்பது. அந்த வேலைக்கு எது பொருந்தும் என்று இனிப் பார்க்கலாம்.

வீட்டு அடுப்பு வேண்டாம். அது இரண்டு கிலோ அளவுக்குக் கனக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அந்த நீளக் குப்பி. அதில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன்தான் இருக்கும். கடல்மட்டத்தில் பியூட்டேன் கொதித்து ஆவியாவது பூஜ்ய டிகிரியை ஒட்டி, சரியாகச் சொன்னால் மைனஸ் 0.5. செப்டம்பர் விடியலில் பாலு கா கேராவில் வெளியே வைத்த குப்பி ஏறக்குறைய அந்தக் குளிரில்தான் இருக்கும். அதோடு, எரிய எரியக் குப்பி இன்னும் குளிர்ந்துகொண்டே போகும். திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, நீலச் சுடர் சுருங்கிச் சுருங்கி அணைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

அடுப்பைத் திருகி மாட்டும் வட்டக் கேஸ் கலன்களான கேனிஸ்டர்களில் நல்லவை ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்து வருகின்றன. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரையிலும், புரொப்பேன் மைனஸ் 42 வரையிலும் ஆவியாகும். வட்டமாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்காமல், உள்ளே என்ன கலவை என்று லேபிளைப் படித்து வாங்குங்கள். ஒருமுறை அவசரத்தில் படிக்காமல் வாங்கிவிட்டு, விடியற்காலையில் கேனிஸ்டரை மேல்சட்டைக்குள் அணைத்துக்கொண்டு சூடேற்றியிருக்கிறேன். நீங்கள் எதை வாங்கினாலும் இரவில் அதைத் தூங்குபைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 25 கிராம் அடுப்பு. தனியாக நடப்பவர் ஒரு குவளைத் தண்ணீர் வைக்க அது போதும். மூன்று பேருக்கு ஒன்றரை லிட்டர் பாத்திரம் வைக்கப் போதாது. அதன் தாங்குகால்கள் மெல்லியவை, விரிவும் குறைவு. இந்த வகை அடுப்பு ஒன்றின் கால் முழுத் தீயில் சிவந்து வளைந்து, பாத்திரம் சாய்ந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். கொதிநீர் காலில் கொட்டினால் அந்தக் கணவாயில் ஆஸ்பத்திரி கிடையாது. 70 முதல் 90 கிராமுக்குள் அகலமான தாங்குகால்களும், காற்றை ஓரளவு தடுக்கும்படி விளிம்பு உயர்ந்த பர்னரும் உள்ள அடுப்புகள் கிடைக்கின்றன. அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இருந்தால் கேனிஸ்டர் குளிர்ந்தாலும் தீ சட்டென்று மங்காது. அதையே வாங்குங்கள்.

கூடும் 50, 60 கிராமுக்காக வருந்த வேண்டாம். ஓடைத் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்கக் காற்று இல்லாதபோது 15 கிராம் கேஸ் ஆகும். மூன்று பேருக்குக் காலை, மாலை சாப்பாடும் தேநீரும் சேர்த்து நாளுக்கு ஐந்து லிட்டர் என்றால் 75 கிராம். நான்கு நாளுக்கு 300. மறைப்பில்லாத காற்றில் இது எளிதாக இரண்டு மடங்காகும். அடுப்பில் மிச்சம் பிடித்த கிராம்களை ஒரே மாலைக் காற்று விழுங்கிவிடும். 230 கிராம் கேனிஸ்டர் இரண்டு எடுத்துக்கொண்டு, பாறை மறைவிலோ முதுகுப்பைகளை அடுக்கி வைத்த மறைவிலோ சமையுங்கள். காற்றைத் தடுக்கத் தகட்டை வளைத்துக் கேனிஸ்டரைச் சுற்றி மூடுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். பர்னரின் சூடு உள்ளேயே தங்கிக் கேனிஸ்டர் வெடிக்கக்கூடும். இது உயிர் விஷயம் தம்பி.

கேள்வி: டைட்டானியம் பாத்திரத்தின் விலை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. வீட்டிலிருக்கும் எவர்சில்வர் தூக்கை எடுத்துப்போகக் கூடாதா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: தூக்கை நானும் கொண்டுபோயிருக்கிறேன். மூடி இருக்கிறது, பிடி இருக்கிறது, பையில் கவிழாது. ஆனால் கனம். அடி குறுகலாக, உயரமாக இருப்பதால் சுடரில் பாதி பக்கவாட்டில் வீணாகிறது. சின்ன அடுப்பின் மேல் நெட்டையாக நின்று ஆடவும் செய்யும்.

டைட்டானியம் அலுமினியத்தைவிட லேசானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதே கனஅளவுக்கு அதுதான் கனம்: அலுமினியத்தின் அடர்த்தி 2.7, டைட்டானியத்தினுடையது 4.5. வலிமை அதிகம் என்பதால் காகிதம்போல் மெலிதாகத் தட்டியெடுக்க முடிகிறது. அதனால்தான் 750 மில்லி குவளை நூறு கிராம் அளவில் நின்றுவிடுகிறது. ஆனால் சூட்டைப் பரப்பும் திறனில் அலுமினியம் அதைவிடப் பத்து மடங்கு மேல். டைட்டானியத்தில் சுடர் படும் வட்டம் மட்டும் கொதித்து, ஓரம் ஆறிக்கிடக்கும். தண்ணீருக்கு அது குறையே இல்லை. ரவையைக் கொட்டிக் கிளறினால் நடுவில் கருகி ஒட்டிக்கொள்ளும், அதை உறைகிற ஓடைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ நேரும்.

தனியாகப் போய்த் தண்ணீர் மட்டும் கொதிக்கவைப்பவர் என்றால் டைட்டானியம் வாங்குங்கள், பல ஆண்டுகள் உழைக்கும். 110 கிராம் கேனிஸ்டரும் சின்ன அடுப்பும் அந்த 750 மில்லி குவளைக்குள்ளேயே அடங்கிவிடும். நடுவில் ஒரு துணியைச் சுருட்டி வைத்தால் நடக்கும்போது கலகலக்காது. இரண்டு மூன்று பேருக்குக் கிளறிச் சமைப்பதென்றால் ஹார்டு அனோடைஸ்டு அலுமினியத்தில், ஒன்றரை லிட்டர், அகலமான அடி. அதற்கும் பணம் இல்லையென்றால் பாத்திரக்கடையில் எடைக்கு விற்கும் மெல்லிய அலுமினியச் சட்டியும் இடுக்கியும் போதும். கூச்சப்பட வேண்டியதில்லை, மணாலிப் பக்கத்து ஆட்டிடையர்கள் கையிலும் அலுமினியச் சட்டிகளைத்தான் பார்த்திருக்கிறேன். மூடியை மட்டும் மறக்காதீர்கள். மூடியில்லாத பாத்திரம் கேஸைத் தின்னும்.

கேள்வி: கேனிஸ்டரை இங்கேயே வாங்கி ரயிலில் கொண்டுபோகலாமா? விமானத்தில்?
— வாசகர், மதுரை

பதில்: இரண்டிலும் கூடாது. விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. எரிபொருள் வாடையே இல்லாமல் துடைத்த அடுப்பைப் பற்றியும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் இத்தகைய பொருளைக் கொண்டுபோவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி குற்றம், மூன்றாண்டு வரை சிறை.

மதுரைக்காரரான நீங்கள் 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையை மறந்திருக்க மாட்டீர்கள். லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி உங்கள் ரயில் நிலையத்தருகே நின்றிருந்தது. உள்ளே மறைத்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் பற்றிய தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் விடாதீர்கள், பக்கத்து இருக்கையில் தூங்கும் குழந்தையை நினைத்து விட்டுவிடுங்கள். மணாலி, லே போன்ற ஊர்களின் மலையேற்றக் கடைகளில் கேனிஸ்டர் கிடைக்கிறது. கிளம்பும் முன் போன் செய்து எடுத்துவைக்கச் சொன்னால் அலைச்சல் இருக்காது.

கேள்வி: மழை பெய்தால் கூடாரத்துக்குள் சமைக்கலாமா? ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்வோம்.
— வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். கூடாரத் துணி நொடியில் உருகிப் பற்றிக்கொள்ளும் என்பது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாதது. அது முதலில் தருவது தலைவலியும் குமட்டலும். உயரத்தில் அதை மலைநோய் என்று நினைத்து, ஓய்வெடுப்பதற்காகக் கூடாரத்துக்குள்ளேயே படுத்துவிடுவோம். அங்கேதான் உயிர் போகிறது. மழை விடும்வரை கடலை மிட்டாயும் பேரீச்சையும் சாப்பிடுங்கள். ஒருவேளைச் சுடுசோறு தவறினால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: தேனிப் பக்கம் காட்டுப்பாதையில் ஒருநாள் நடக்கப்போகிறோம். உச்சியில் தேநீர் போட ஒரு குட்டி அடுப்பு சொல்லுங்கள்.
— கல்லூரி மாணவியர், திண்டுக்கல்

பதில்: பிள்ளைகளே, இதற்கு நான் அடுப்பு சொல்லமாட்டேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள். காய்ந்த புல் சரிவில் தீ மனிதர் ஓடுவதைவிட வேகமாக மேலேறும். அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. என்னிடம் படித்த பெண்கள் எத்தனை பேர் அந்த வயதில் மலைக்குப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். அனுமதி பெற்று, வனத்துறை குறித்த பாதையில், வழிகாட்டியோடு மட்டும் போங்கள். 2024-இல் தொடங்கிய அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இப்படி 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. தேநீருக்கு ஒரு லிட்டர் பிளாஸ்க் போதும். முதலில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு கொதிக்கக் கொதிக்கச் சுக்குக் காப்பியை ஊற்றி மூடினால் மதியம்வரை சூடு நிற்கும்.

கேள்வி: மணாலியில் தங்கிய வீட்டில், முன்பு வந்தவர்கள் விட்டுப்போன கேனிஸ்டர் ஒன்றைத் தந்தார்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், பெங்களூரு

பதில்: தராசில் வையுங்கள். 230 கிராம் கேனிஸ்டரின் வெறும் தகடு மட்டும் சுமார் 150 கிராம் இருக்கும். மீதி எடை கேஸ். தராசு இல்லாத இடத்தில் ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். ஆழமாக மூழ்கினால் கேஸ் அதிகம், மேலெழுந்து மிதந்தால் குறைவு. சில கேனிஸ்டர்களின் பக்கவாட்டில் அதற்கென்றே கோடு போட்டிருக்கிறார்கள். கேஸ் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது மறுபடி நிரப்பச் செய்த கலன் அல்ல. நான் ஊர் திரும்பும்போது மிச்சமிருப்பதை மணாலியில் தங்கும் வீட்டில் விட்டுவிடுவேன், மேலே மார்க்கரால் எடையும் தேதியும் எழுதி.