பல் முளைக்கும் வரை அரைத்துத்தான் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 9 மாதம் முடியப் போகிறது. 6 மாதம் முடிந்ததிலிருந்து கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம், காய்கறி எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்தே ஊட்டுகிறேன். போன வாரம் இட்லியைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தேன். இரண்டாவது வாயிலேயே ஓங்கரித்து, முகம் சிவந்து, இருமித் துப்பிவிட்டான். பயந்துபோய் மறுபடியும் அரைக்க ஆரம்பித்துவிட்டேன். "கீழே ரெண்டு பல்லுதானே இருக்கு, எல்லாம் முளைக்கட்டும்" என்கிறார் அத்தை. நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்றைக்கு உங்கள் மகன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டான். முதலில் அந்த நிம்மதி உங்களுக்கு வேண்டும்.

நமக்கு ஓங்கரிப்பு வருவது அடிநாக்கைத் தொட்டால்தான். கைக்குழந்தைக்கு அந்த இடம் நாக்கின் நடுப்பகுதி வரை முன்னால் இருக்கும். அதனால் கொஞ்சம் கட்டியாக ஏதாவது பட்டாலே ஓங்கரித்து வெளியே தள்ளிவிடும். கண்ணில் நீர் வரும், முகம் சிவக்கும், 'ஓவ்' என்று சத்தம் வரும், பார்க்கும் நமக்கு உயிரே போய்விடும். ஆனால் சத்தம் வருகிறது என்றால் மூச்சு போய்வருகிறது என்று பொருள். துண்டுகளை வாயில் உருட்டிப் பழகப் பழக அந்த இடம் பின்னால் நகர்ந்துவிடும்.

மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்வது வேறு. அதில் சத்தமே இருக்காது. அழ வராது, இரும வராது, வாய் திறந்தபடி இருக்கும், உதடு நீலம் பாரிக்கும். நீங்கள் எழுதியிருப்பது இது இல்லை.

இனி பல் விஷயம். அத்தை சொல்வதில் அக்கறை இருக்கிறது, ஆனால் குழந்தை மெல்லுவது ஈறால்தான். உங்கள் சுண்டுவிரலை அவன் ஈறுகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள், எத்தனை பலமாகக் கடிக்கிறான் என்று தெரியும். உணவை அரைக்கும் கடைவாய்ப் பல் முளைக்க ஒரு வயது தாண்டிவிடும். அதுவரை காத்திருந்தால் பழகவேண்டிய பருவம் போய்விடும். 1991, 1992-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. 10 மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவைத் தொட்ட குழந்தைகள் 15 மாதத்தில் சாப்பிட அதிகம் அடம்பிடித்தார்கள். 2 வயதாகியும் மிக்ஸியில் அடித்தால்தான் இறங்கும் என்ற நிலையில் என்னிடம் கூட்டிவரப்படும் குழந்தைகள் பலருக்கும் கதை இதேதான்: ஒரு நாள் ஓங்கரித்தது, வீடே பயந்தது, மிக்ஸியை விடவே இல்லை. உங்கள் மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 8 மாத அளவில் பெரும்பாலான குழந்தைகள் கையில் எடுத்துத் தின்னத் தயாராகிவிடும் என்றுதான் சொல்கிறது.

சரி, எதில் தொடங்குவது? நான் சொல்வது வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உங்கள் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு, அதே தடிமனில் நறுக்கிக் கொடுங்கள். குழந்தை முழுக்கையால் பிடிக்கும், பிடிக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும் பகுதியைத்தான் கடிக்கும். முதல் நாள் பாதி விரலிடுக்கில் பிதுங்கி வரும், மீதி மூக்கிலும் காதிலும் இருக்கும். வயிற்றுக்குள் போனது ஒரு ஸ்பூன்கூட இருக்காது. பரவாயில்லை, பசிக்கு நீங்கள் ஊட்டுவதும் தாய்ப்பாலும் இருக்கின்றன. இது வாய்க்கும் கைக்கும் நடக்கிற பயிற்சி. எந்தத் துண்டானாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக நசுக்குங்கள். நசுங்கினால் கொடுக்கலாம். நசுங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் வேகட்டும்.

அப்புறம் மஞ்சள் பூசணி, கேரட், பீட்ரூட், அவித்த நேந்திரம்பழம், நன்றாகப் பழுத்த பப்பாளி. மெத்தென்ற தோசையைப் பட்டையாகக் கிழித்துக் கொடுக்கலாம். இட்லியும் நல்லதுதான், ஆனால் ஆறிய இட்லி வாயில் பசைபோல ஒட்டும். உங்கள் மகன் சிரமப்பட்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். சூடு தணிந்ததும் நெய் தொட்டோ, உப்பு சேர்க்காத பருப்புத் தண்ணீரில் தோய்த்தோ கொடுத்துப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் சின்னதைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டால், குழைய வெந்த பருப்பு சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாகத் தட்டில் வைக்கலாம்.

இரும்புச்சத்தை மறக்கக் கூடாது. பிறக்கும்போது கொண்டுவந்த இருப்பு 6 மாத வாக்கில் தீர்ந்துவிடும். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அசைவம் சாப்பிடும் வீடு என்றால் ஆட்டு ஈரலை வேகவைத்து மசித்து, தோசையில் தடவிக் கொடுங்கள். முட்டையை முழுக்க வெந்த ஆம்லெட்டாக்கிப் பட்டையாக நறுக்கலாம். முள் நீக்கிய மீனும் நல்லது. சைவம் என்றால் பருப்போடு கீரை, கூடவே கொஞ்சம் பப்பாளி அல்லது ஆரஞ்சுச் சாறு, அப்போதுதான் அந்த இரும்பு உடம்பில் ஒட்டும். முட்டை, மீன் போன்றவற்றை முதல்முறை கொடுக்கும்போது ஒன்றொன்றாக, பகலில், கொஞ்சமாகக் கொடுங்கள். தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

பிஸ்கட்டும் ரஸ்க்கும் வேண்டாம், சர்க்கரைதான் அதிகம். ஒரு வயது வரை தேனும் கூடாது, உப்பும் சர்க்கரையும் தனியாகச் சேர்க்கவும் வேண்டாம்.

நான் உண்மையிலேயே பயப்படுவது வேர்க்கடலைக்குத்தான். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றை இரண்டு வாரம் தீராத இருமல், இளைப்பு என்று கொண்டுவந்தார்கள். சிரப் மேல் சிரப் கொடுத்திருந்தார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காற்று குறைவாகப் போகிறது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு எடுத்தபோது வந்தது பாதி வேர்க்கடலை. முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, சுண்டல், முறுக்கு, பாப்கார்ன், பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு எதுவும் இப்போது வேண்டாம். முழுக் கடலை, முழு முந்திரி, பாதாம் போன்றவற்றை 5 வயது வரை தள்ளி வையுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். சீதாப்பழம், சப்போட்டா என்றால் ஒவ்வொரு கொட்டையாகத் தேடி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

கொடுக்கும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கட்டும், உங்கள் மடியிலானாலும் சரி. காலில் சாய்த்துப் போட்டோ, வண்டியில் போகும்போதோ, தவழும்போதோ கூடாது. இடுப்பில் வைத்துக் காக்கா காட்டி ஊட்டுவது நம் எல்லோருக்கும் பழக்கம்தான், ஆனால் கையில் துண்டு இருக்கும் நேரத்தில் அவன் கவனம் வாயில் இருக்க வேண்டும். நீங்களும் எழுந்து போகாதீர்கள்.

ஓங்கரித்தால் பதறி வாய்க்குள் விரலை விடாதீர்கள், துண்டு உள்ளே போய்விடும். அவனே துப்பட்டும். சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டால் மட்டும் தாமதிக்கக் கூடாது. புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவோமே, அது உதவாது. முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கி, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அமுக்கக் கூடாது. இதை அத்தைக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள், பகலில் குழந்தை அவரிடம்தானே இருப்பான்.

நாளைக்கே மிக்ஸியை நிறுத்த வேண்டாம். ஒரு வேளை கரண்டியால் மசித்தது, கூடவே கையில் ஒரு துண்டு என்று தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மற்ற வேளைகளையும் மாற்றுங்கள். பால் குடிக்கும்போதும் புரையேறுகிறது, மூக்கு வழியாக உணவு வருகிறது, இன்னும் பிடிக்காமல் உட்கார முடியவில்லை என்றால் அதற்கு முன்பே குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்குப் போவீர்கள். அன்று எடையும் போட்டு அட்டையில் குறித்து வாங்குங்கள். போன முறையைவிட ஏறவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள்.