28 வயதில் உச்சந்தலை தெரிகிறது: மாத்திரையா, இஸ்தான்புல்லா?

கேள்வி: எனக்கு வயது 28. மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் வீடு, ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை. மூன்று வருடமாக முன்நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. இப்போது உச்சந்தலையும் தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கும் இப்படித்தான். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்கிறார் அம்மா. கூட வேலை செய்யும் ஒருவர் இஸ்தான்புல் போய் முடி நட்டுக்கொண்டு வந்தார், என்னையும் போகச் சொல்கிறார். பார்மசியில் தலைக்குத் தடவ மினாக்சிடில் தருகிறார்கள். ஃபினாஸ்டரைடு மாத்திரை ஆண்மையைப் பாதிக்கும் என்று படித்ததில் இருந்து பயம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது, டாக்டர்?

பதில்: இருக்கிற முடியை முதலில் காப்பாற்றுங்கள் தம்பி, நடுவதைப் பிறகு பார்க்கலாம். இந்த வயதில் நேராக இஸ்தான்புல்லுக்கு டிக்கெட் எடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பரம்பரை வழுக்கையோடு பொருந்துகின்றன. ஆனாலும் யாராவது ஒரு தோல் மருத்துவர் தலையை நேரில் பார்க்கட்டும். கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு விஷயம். 2005-06 சிக்குன்குனியாவுக்குப் பிறகு நம் தீவிலும் பக்கத்து ரீயூனியனிலும் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். அந்த முடி பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். வட்ட வட்டமாகக் கொட்டும் புழுவெட்டுக்கும், செதிலும் அரிப்புமாக வரும் பூஞ்சைத் தொற்றுக்கும் சிகிச்சையே வேறு.

பரம்பரை வழுக்கையில் நடப்பது இதுதான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை உடலில் உள்ள ஒரு நொதி டி.எச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் அதற்குப் பணிந்துபோகும் சுபாவம் கொண்டவை. ஒவ்வொரு முறை உதிர்ந்து முளைக்கும்போதும் முடி இன்னும் மெல்லியதாக, இன்னும் குட்டையாக வரும். கடைசியில் பூனைமுடி மட்டும் மிஞ்சும். பிடரிப் பக்கத்து முடிக்கு அந்தச் சுபாவம் இல்லை, அதனால்தான் எவ்வளவு பெரிய வழுக்கையிலும் பின்பக்கம் ஒரு வளையம் நிற்கிறது. ஹெல்மெட்டோ கடல் தண்ணீரோ இதற்குக் காரணமில்லை. மயிர்க்கால் தோலுக்கு அடியில் இருப்பதால் சவரக்கத்தி அதைத் தொடுவதும் இல்லை. மொட்டைக்குப் பிறகு வரும் முடி நுனி மழுங்கி இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தோன்றும், அவ்வளவுதான். அம்மா நேர்ந்துகொண்டிருந்தால் தாராளமாக மொட்டை போடுங்கள், அது முருகனுக்கு. மருந்தாக எண்ணிப் போட வேண்டாம். தைப்பூசம் வருவது நம் கோடையில், ஆகவே மொட்டைத் தலைக்கு சன்ஸ்கிரீன் பூசாமல் வெயிலில் நிற்காதீர்கள்.

இனி மருந்துகள். மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்வதைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு 5% கரைசல், காலையும் இரவும் ஒவ்வொரு மில்லிலிட்டர். பலர் இதைத் தலைக்கு எண்ணெய் வைப்பது போல முடிமேல் தேய்த்துவிட்டு, பலன் இல்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். தலை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். முடியை வகிடு எடுத்துப் பிரித்து, சொட்டுக்குழாயின் நுனியைத் தோலுக்கு அருகில் பிடித்து, சொட்டுகள் தோலில் விழும்படி விடுங்கள். விரல் நுனியால் பரப்பிவிட்டுக் கையைக் கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலையை நனைக்காதீர்கள். இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவினால் தலையணையில் ஒட்டாது. கரைசல் அரித்தால், அல்லது வேலையில் நிற்கும்போது வெள்ளைத் துகள் கொட்டினால், நுரையாக வரும் வகைக்கு மாறுங்கள். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை, சிறிதளவு நக்கினாலும் அது செத்துப்போகலாம்.

தொடங்கிய சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். பழைய முடி புதியதற்கு வழிவிடுகிறது, அப்போது பயந்து நிறுத்திவிடாதீர்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் எதையும் தீர்மானிக்க முடியாது. கண்ணாடியை நம்பாமல், இன்றே உச்சந்தலையைப் படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே விளக்கில், அதே தூரத்தில் இன்னொன்று எடுங்கள். மருந்தை நிறுத்தினால் அதனால் வந்தது சில மாதங்களில் போய்விடும். ஆகவே ஒரு மாத விலையைப் பார்க்காதீர்கள், ஐந்து வருடச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபினாஸ்டரைடு, டி.எச்.டி.யை உண்டாக்கும் அந்த நொதியையே தடுக்கிறது. இருப்பதைக் காப்பாற்றுவதில் மினாக்சிடிலைவிட நான் இதைத்தான் நம்புகிறேன். இரண்டு வருட ஆய்வில், தினம் 1 மில்லிகிராம் எடுத்தவர்களில் 83% பேருக்கு முடி எண்ணிக்கை குறையவில்லை. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அது 28%. பாலியல் ஆசை குறைதல், விறைப்புக் குறைவு போன்றவை முதல் வருடத்தில் 3.8% பேருக்கு வந்தன, வெறும் மாத்திரைக்காரர்களிலும் 2.1% பேருக்கு வந்தன. பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தியதும் சரியாகிவிடுகிறது. நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சிலர் சொல்கிறார்கள், அதை நான் தள்ளிவிட மாட்டேன். உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் நீங்கள் படித்த அளவுக்கு இல்லை.

குழந்தை விஷயத்துக்கு வருவோம். இந்த மருந்து சிலருக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கிறது, நிறுத்தினால் மீள்கிறது. ஏற்கெனவே குறைவாக உள்ளவருக்கு அந்தக் கொஞ்சமும் பெரிய இழப்பு. அதனால் உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: மினாக்சிடிலை இப்போதே தொடங்குங்கள், ஒரு விந்தணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மனைவி கருவுற்ற பிறகு ஃபினாஸ்டரைடைத் தொடங்குங்கள். இந்தச் சில மாதத் தாமதத்தால் தலைக்குப் பெரிய நஷ்டம் வராது. கர்ப்பிணி மனைவியோடு உறவு கொள்வதால் குழந்தைக்கு ஆபத்து என்று காட்டப்படவில்லை. ஆனால் உடைந்த மாத்திரையை அவர் கையால் தொடக் கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் பிறப்புறுப்பின் வளர்ச்சி கெடலாம். செலவைக் குறைக்க, இதே மருந்தில் புரோஸ்டேட் வீக்கத்துக்கென வரும் 5 மில்லிகிராம் மாத்திரையைச் சமையலறைக் கத்தியால் நாலாக நறுக்குகிறார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

உயிர்ச்சத்து மாத்திரை, எண்ணெய், வெங்காயச்சாறு இவற்றால் வழுக்கை நிற்காது. சொந்த இரத்தத்தைப் பிரித்து ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. சிலருக்கு உதவுகிறது, ஆனால் முதலில் பணம் போட வேண்டிய இடம் அது இல்லை.

முடி நடுதல் நல்ல சிகிச்சைதான், உரிய நேரத்தில், உரிய கையால் செய்தால். பிடரியில் இருந்து எடுத்த முடி அங்கே திரும்ப முளைக்காது, அந்தச் சேமிப்புக்கு ஒரு எல்லை உண்டு. 28 வயதில் நெற்றியை இறக்கி நட்டுவிட்டு மருந்து எடுக்காமல் இருந்தால், நட்டது நிற்கும், அதன் பின்னால் உள்ள சொந்த முடி போய்க்கொண்டே இருக்கும். நாற்பது வயதில் முன்னால் ஒரு வரப்பும் பின்னால் வெற்றுத் தரையுமாக நிற்பீர்கள், நிரப்புவதற்குப் பிடரியில் சரக்கும் இருக்காது. ஒரு வருடம் மருந்தில் நின்று, உதிர்வது அடங்கிய பிறகு யோசியுங்கள். அப்போது எந்த ஊருக்குப் போனாலும் கேளுங்கள்: தோலில் கீறுவது டாக்டரா, உதவியாளரா? ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறார்கள்? நான் மொரீஷியஸ் திரும்பிய பிறகு சீழ் பிடித்தால் யார் பார்ப்பது? படத்தை மட்டும் பார்த்துவிட்டு வாட்ஸாப்பில் விலை சொல்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.

ஃபினாஸ்டரைடு தொடங்கும்போது மனைவியிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். இந்த மாத்திரையால் தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்று 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிசெய்தது. முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் மருந்து எழுதும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அது உங்களைவிட முன்னால் மனைவிக்குத்தான் தெரியும். அப்படி அவர் சொன்னால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் போய்ப் பாருங்கள்.