சக்கரத்தில் படியும் பிரேக் தூசி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கார் கழுவி மூன்றே நாளில் முன் சக்கரங்கள் இரண்டும் கரிச்சட்டி மாதிரி ஆகிவிடுகின்றன. பின்னால் அவ்வளவு இல்லை. வேக்ஸ் பூசினால் தூசி வராமல் இருக்குமா?

பதில்: வரத்தான் செய்யும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பேடும் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசித் தேய்கின்றன. அந்தத் தேய்மானம்தான் நீங்கள் பார்க்கும் கருப்பு. பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், முன் பிரேக்குகளுக்கே வேலை அதிகம். பின்னால் டிரம் பிரேக் உள்ள கார் என்றால் தூசியில் பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும்.

வேக்ஸ், சீலன்ட் (வேக்ஸ் போலவே பூசும் செயற்கைப் பூச்சு) எல்லாம் செய்யும் வேலை வேறு. தூசியில் கலந்திருக்கும் இரும்புத் துகள்கள் சூட்டோடு பறந்துவந்து ரிம்மின் கிளியர் கோட்டில் (பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சு) ஒட்டுகின்றன. ஈரம் பட்டதும் துருப்பிடித்து அப்படியே கவ்விக்கொள்கின்றன. எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புப் புள்ளிகள் இப்படித்தான் வருகின்றன. நடுவே ஒரு படலம் இருந்தால் துகள் பெயின்ட்டைத் தொடாமல் படலத்தின்மேல் உட்காரும். ஷாம்புத் தண்ணீருக்கே போய்விடும்.

தூசியையே குறைக்க வேண்டுமானால் பேடை மாற்றுவதுதான் வழி. எஃகு இழை கலந்த செமி மெட்டாலிக் பேடுகள் அதிகம் கொட்டும். செராமிக் பேடுகளில் தூசி குறைவு, நிறமும் வெளிர் என்பதால் கண்ணை உறுத்தாது. டிஸ்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே தகடு வைத்துத் தூசியை மறிக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். பிரேக்குக்குக் காற்றோட்டம் குறையும், சூடு ஏறும்.

கேள்வி: கார்னூபா வேக்ஸ், சீலன்ட், செராமிக் கோட்டிங் என்று மூன்று சொல்கிறார்கள். சக்கரத்துக்கு எது?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு சீலன்ட். கார்னூபா மெழுகு 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதைப் பூசும் பதத்துக்குக் கொண்டுவர எண்ணெயும் கரைப்பானும் சேர்க்கிறார்கள். அதனால் இன்னும் இளகும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் ரிம்முக்கு ஏறும் சூட்டில் அது நிலைக்காது. சில வாரங்களுக்கு ஒருமுறை பூசிக்கொண்டே இருக்கப் பொறுமை உண்டென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சீலன்ட் செயற்கை பாலிமர். சூட்டையும் ஷாம்புவையும் வேக்ஸைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் ஆயுள் பானட்டுக்கு உரியது. சக்கரத்துக்குப் பாதி என்று கணக்குப் போடுவது புத்திசாலித்தனம். நீர் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் படரத் தொடங்கினால், ரிம்மை நன்றாகக் கழுவிய பிறகும் அப்படியே இருந்தால், அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது. செராமிக் கோட்டிங் வருடக் கணக்கில் நிற்கும், ஆனால் பூசும் முன் ரிம்மைச் சுத்தம் செய்வதில் சிறு குறை இருந்தாலும் மன்னிக்காது. புது ரிம் வாங்கும்போதோ சக்கரங்களைக் கழற்றி வைத்திருக்கும்போதோ அதை யோசிக்கலாம்.

கேள்வி: சீலன்ட் பூசினேன். ஆங்காங்கே வெள்ளைத் திட்டு. விரலால் தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரப்பு. எங்கே தப்பு?

பதில்: இரண்டு தனித்தனித் தப்புகள். வெள்ளைத் திட்டு, சீலன்ட்டைத் தடிமனாகப் பூசியதால் வந்தது. அல்லது ரிம் சூடாகவோ ஈரமாகவோ இருந்திருக்கும். அதே சீலன்ட்டைத் துளி எடுத்துத் திட்டின்மேல் தடவி, காயவிடாமல் உடனே துடையுங்கள். அதிலுள்ள கரைப்பான் பழையதை இளக்கிவிடும்.

சொரசொரப்பு அப்படிப் போகாது. ரிம்மில் கவ்வியிருந்த இரும்புத் துகள்களின்மேலேயே சீலன்ட் பூசி மூடிவிட்டீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ரிம்மைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், வெயிலில் நிற்கக் கூடாது. சக்கரத்துக்கென்று தனி வாளி, தனி பிரஷ். அந்த பிரஷ்ஷைப் பாடியில் வைத்தால் கீறல் நிச்சயம். ஒவ்வொரு சக்கரமாக முடியுங்கள். ஷாம்பு போட்டுக் கழுவி, நீர் வடிந்ததும் அயர்ன் ரிமூவர் தெளியுங்கள். அதிலுள்ள தயோகிளைக்கோலேட் இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக ஒழுகும். அழுகிய முட்டை வாடை அடிக்கும். கையுறை போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். 3 முதல் 5 நிமிடம் போதும், காயவே விடக் கூடாது. பிரஷ்ஷால் மெல்லக் கலக்கி, நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். மறுபடி தெளித்து ஊதா வருவது நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். ஒரே தடவையில் நிறுத்துவதுதான் பலரும் செய்யும் பிழை.

தார்ப்புள்ளிகளுக்குத் தார் ரிமூவர். அதன்பிறகும் சொரசொரப்பு இருந்தால் கிளே (ஒட்டிய அழுக்கைப் பிடித்திழுக்கும் களிமண் போன்ற கட்டி). சிறு துண்டை, ஷாம்புத் தண்ணீர் வழுக்கலோடு, அழுத்தாமல் ஓட்டுங்கள். அந்தத் துண்டு திரும்ப பாடிக்குப் போகக் கூடாது. நட் குழிகளில் தேங்கிய தண்ணீரையும் சேர்த்துத் துடைத்துக் காயவைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒருமுறை துடைத்துவிடுங்கள். பழைய பூச்சும் சோப்புப் படலமும் போனால்தான் சீலன்ட் பிடிக்கும்.

அப்புறம்தான் பூச்சு. ஒரு சக்கரத்துக்குப் பட்டாணி அளவில் இரண்டு துளி தாராளம். பூசியது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக இருக்கட்டும். 15 முதல் 30 நிமிடம் கழித்து விரலால் இழுத்துப் பாருங்கள்: இழுபட்டால் இன்னும் பொறுங்கள், பளிச்சென்று வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு, ஸ்போக் இடுக்குகளில் விட்டுப்போனதை மூடுவதற்காக. அன்று முழுக்கத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குழிப்புள்ளிகள் தெரிந்தால் கிளியர் கோட்டே அரிபட்டுவிட்டது. அதற்கு மறுபெயின்ட்தான்.

கேள்வி: ஸ்ப்ரே சீலன்ட் அடித்தேன், டிஸ்க்கிலும் பட்டுவிட்டது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று ஓட்டிவிடாதீர்கள், பிரேக் பிடிக்காமல் போகலாம். பிரேக் கிளீனரைச் சுத்தமான துணியில் நனைத்து டிஸ்க்கின் இரு பக்கமும் துடைத்து, வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி பிரேக்கைச் சோதியுங்கள். பேட் ஊறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். இனிமேல் ரிம்மில் அடிக்காமல் துணியில் அடித்துத் தடவுங்கள். டாஷ்போர்டு பாலிஷ், சமையல் எண்ணெய் போன்றவற்றை ரிம்மில் பூசவே வேண்டாம். அவை தூசியை இழுத்துப் பிடிக்கும், டிஸ்க்குக்கும் வழியும்.

கேள்வி: ரிம்மின் உட்பக்கத்துக்காகச் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமா?

பதில்: கழற்றினால் வேலை ஒழுங்காக முடியும், ஏனென்றால் தூசி அதிகம் சேர்வதே அங்கேதான். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நட்டுகளைத் தரையிலேயே அரைச் சுற்று தளர்த்திய பிறகு தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். ரிம் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) அமரும் முகத்திலும், நட் உட்காரும் குழியிலும் சீலன்ட் படக் கூடாது. பட்டால் நட் இறுக்கம் சரியாக நிற்காது. மாட்டும்போது எதிரெதிராக இறுக்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முடியுங்கள்.

கேள்வி: மேட் கருப்பு ரிம்முக்கு?

பதில்: சாதாரண வேக்ஸ் திட்டுத்திட்டாகப் பளபளக்கும். மேட் பெயின்ட்டுக்கென்றே உள்ள சீலன்ட் அல்லது கோட்டிங் மட்டும். பாலிஷ் கூடவே கூடாது, தேய்ந்த இடம் திரும்ப மேட் ஆகாது.

கேள்வி: இடது முன் சக்கரம் மட்டும் வலதைவிட இரண்டு மடங்கு கருக்கிறது. அதற்கு மட்டும் இன்னொரு பூச்சு கொடுக்கலாமா?

பதில்: பூச்சை நிறுத்திவிட்டு பிரேக்கைப் பாருங்கள். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பரின் பின் காய்ந்து போயோ அதன் பிஸ்டன் சிக்கியோ பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியபின் இரண்டு சக்கரங்களின் அருகிலும் கையைத் தொடாமல் கொண்டுபோங்கள்; ஒன்றில் அனல் கூடுதலாக அடித்தால் மெக்கானிக்கிடம் உள் பேட், வெளி பேட் இரண்டின் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள். ரிம்மின் உட்பக்கக் கருப்பு எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் அது தூசியே இல்லை. பிரேக் ஆயில் கசிவாகவோ ஆக்சில் பூட் (ஆக்சிலை மூடும் ரப்பர் உறை) கிழிந்து வந்த கிரீஸாகவோ இருக்கும். பிரேக் ஆயில் கசிவு என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.