முகம் வெளுத்தது, கால் வீங்கியது

கேள்வி: எனக்கு வயது 34. ரங்கூன் தாம்வேயில் இருக்கிறோம். ஐந்து மாதமாக, சந்தையில் வாங்கிய ஒரு வெள்ளைக் கிரீமை இரவில் பூசிக்கொண்டு படுக்கிறேன். டப்பாவில் பெயர் மட்டும் உண்டு, என்ன கலந்திருக்கிறது என்று எழுதவில்லை. முகம் நன்றாக வெளுத்தது. ஆனால் இரண்டு வாரமாகக் கால் வீங்குகிறது, காலையில் சிறுநீர் நுரைக்கிறது. எட்டு மாதக் குழந்தை என் பக்கத்தில்தான் படுக்கும், தாய்ப்பால் கொடுக்கிறேன். பேஸ்புக்கில் ஷாம்பூ, முகத்தில் இழைத்துப் பூசும் தனக்காக் கட்டை எல்லாமே விஷம் என்கிறார்கள். எதை நிறுத்துவது?

பதில்: சகோதரி, கிரீமை இன்றோடு நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

கால் வீக்கமும் நுரைக்கிற சிறுநீரும் சேர்ந்து வந்தால், சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறதோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நடுவில் ஐந்து மாதக் கிரீம் இருக்கிறதே. விலாசம் இல்லாத வெளுப்புக் கிரீம்களில் பாதரச உப்பைக் கலப்பது பழைய தந்திரம். தோலுக்குக் கருமை தரும் மெலனின் உருவாகாமல் அது தடுக்கிறது. அதனால்தான் சில வாரத்திலேயே முகம் பளிச்சென்று தெரிகிறது. பூசியது தோலோடு நிற்காமல் ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை, இப்படிப் புரதம் ஒழுகும் ஒரு நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள்! பெரும்பாலோருக்குக் கிரீமை நிறுத்தியதும் குணம் தெரிந்தது. நீங்கள் தைரியமாக இருக்க அது போதும்.

டப்பாவை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தங்கம், வெள்ளி நகை மேல் படக் கூடாது என்று ஏதாவது மொழியில் எழுதியிருந்தால் பாதரசம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். பாதரசம் தங்கத்தைப் பிடித்து வெளுக்கவைக்கும், விற்பவருக்கும் அது தெரியும். 'கலோமெல்' என்ற பெயர் இருந்தாலும் அதே சங்கதிதான். ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகளின் விதிப்படி முகக் கிரீமில் பாதரசமும் கூடாது, தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோனும் கூடாது, ஸ்டீராய்டும் கூடாது. பர்மாவும் அதில் சேர்த்திதான். விதி புத்தகத்தில் இருக்கிறது, டப்பா சந்தையில் இருக்கிறது.

நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யூரின் டெஸ்டில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், அல்புமின், கூடவே ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் பாதரசம் பார்க்கும் சோதனை எல்லா லேபிலும் கிடைக்காது. அதற்காக மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம். டப்பாவை மறக்காமல் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது, உடனே கிளம்புங்கள். கிரீமை விட்டபின் முகம் சிவந்து எரிந்தால் அதில் ஸ்டீராய்டும் இருந்திருக்கலாம். திரும்ப அதையே பூசாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். 'உடம்பிலிருந்து விஷத்தை இறக்கும்' பொடி என்று யாராவது கொடுத்தால் வாங்கவே வேண்டாம்.

குழந்தையையும் காட்ட வேண்டும். உங்கள் கன்னத்தில் முகம் வைத்துப் படுக்கிற பிள்ளைக்குக் கிரீம் தோல் வழியாகவும் போகும், கை சூப்பும்போது வாய் வழியாகவும் போகும், ஆவியாக மூச்சிலும் போகும். காரணமில்லாமல் சிணுங்கினாலோ, தூங்காவிட்டாலோ, உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து உரிந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாய்ப்பாலை நீங்களாக நிறுத்த வேண்டாம், சோதனை முடிவைப் பார்த்து அவர் சொல்லட்டும். அதுவரை முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குங்கள். நீங்கள் படுத்த தலையணை உறை, முகம் துடைத்த துண்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே வையுங்கள். குப்பையோடு கொளுத்திவிடாதீர்கள், பாதரசம் புகையாகி வீடு முழுக்கப் பரவும்.

நீங்கள் கேட்காத ஒன்று. துணிப்பெட்டியில் பாச்சை உருண்டை போடும் பழக்கம் உண்டா? பிள்ளையின் துணி இருக்கும் பெட்டியிலாவது அது வேண்டாம். உருண்டையில் இருக்கும் நாஃப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். மலேரியா பரவிய நாடுகளில் இந்தக் குறைபாடு அதிகம், பர்மாவிலும் நிறைய உண்டு. சளிக்குச் சூடத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவச் சொல்வார்கள் பாட்டிமார்கள். இந்த வயதில் அதுவும் கூடாது, வலிப்பு வரலாம்.

தனக்காவைப் பொறுத்தவரை, கட்டையாக வாங்கி வீட்டிலேயே கல்லில் இழைத்துப் பூசுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. நிறமும் வாசனையும் ஏற்றிய டப்பாத் தனக்கா வேறு விஷயம். 2009இல் அமெரிக்காவின் இன்டியானாவில் குடியேறிய பர்மா அகதிக் குழந்தைகள் சிலரின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. தேடிப் பார்த்தபோது கைகாட்டியவற்றில் தினமும் பூசும் தனக்காவும் ஒன்று. அதைவிட மோசம், செரிமானத்துக்கு என்று கொடுத்த 'டோ ட்வே' மருந்து. அதன் மாதிரிகளில் பத்து லட்சத்துக்கு 970 பங்கு வரை ஈயமும் 7,100 பங்கு வரை ஆர்செனிக்கும் இருந்தன. பிள்ளைக்கு வயிறு உப்பினால் அந்த மாதிரிப் பொடி எதுவும் வாயில் வைக்காதீர்கள். தனக்காவையும் கன்னத்தோடு நிறுத்துங்கள், சூப்புகிற கையில் பூச வேண்டாம்.

ஷாம்பூவைப் பற்றி பேஸ்புக்கில் வருவதை நம்பி நீங்கள் எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. தலை அரித்தால் வேறு வாங்குங்கள், அவ்வளவுதான்.